காட்பாடியில் ஏறுவதற்குச் சென்னையிலிருந்து டிக்கெட்: காசு கட்டிவிட்டால் போதுமா?

காட்பாடி வாசி

வணக்கம். எனக்கும் என் மச்சானுக்கும் கொஞ்ச நாளாக ஒரு வாக்குவாதம். பொங்கலுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போக வேண்டும். காட்பாடியிலிருந்து தேடினால் ராத்திரி வண்டிகள் எல்லாவற்றிலும் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் வழியில் உள்ள நிலையங்களுக்கு ஒதுக்கும் பூல்டு கோட்டாவில். அதே வண்டி, அதே தேதி, சென்னை சென்ட்ரலிலிருந்து என்று போட்டால் ஸ்லீப்பரில் இடம் இருக்கிறது.

மச்சான் சொல்கிறார்: "சென்னையிலிருந்தே எடு. போர்டிங்கை, அதான் ஏறுற ஊரை, காட்பாடின்னு மாத்திடு. கூட 130 கிலோமீட்டருக்குக் காசு கட்டப்போற, அவ்வளவுதான். வேலூரே இப்படித்தான் போகுது."

விதிப்படி சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் சென்னையில் யாரோ ஒரு குடும்பம் அந்த நாலு இடத்துக்குக் காத்திருக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டு காட்பாடி வரைக்கும் காலியாக வரவழைக்கிறேன். காசு கட்டிவிட்டதால் இது நியாயமாகிவிடுமா? விதி தெரிந்தவர்களிடம் கேட்கவில்லை, மனசாட்சிப்படி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன்.

வாணியம்பாடி தோல்ஷாப்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முழுக் காசு கட்டுகிறீர்கள். ஓட்டலில் நாலு இட்லி வாங்கிவிட்டு மூன்று சாப்பிட்டால் யாரும் கேட்பார்களா? எடுங்கள், போய் வாங்க.

குடியாத்தம் நெசவு

நானும் தோல்ஷாப் பாய் கட்சிதான். ஆனால் காரணம் வேறு. முதலில் ரயில்வே நமக்கு நியாயமாக நடக்கிறதா என்று பாருங்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பரில் 130 கிலோமீட்டர் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் காசு வாங்குகிறான். ஏசி மூன்றடுக்கு என்றால் 300. போகாத தூரத்துக்கு அவன் வாங்கினால் விதி, போகாத தூரத்துக்கு நாம் கொடுத்தால் குறுக்கு வழியா?

2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்தினார்கள். 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் இருந்தது. கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. எங்கள் ஊருக்குச் சென்னை சீசன் டிக்கெட்டும் கிடையாது, 150 கிலோமீட்டர் எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறோமாம். இப்படி ஒவ்வொரு பக்கமும் அடைத்து வைத்துவிட்டு, ஒரு சந்து கிடைத்து அதில் நுழைந்தால் மட்டும் நமக்கு உறுத்த வேண்டுமா?

ரயிலடி

முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், அரக்கோணம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டியின் இடங்களை ரயில்வே ஒரே குவியலாக விற்பதில்லை. கிளம்பும் ஊருக்கும் அதை ஒட்டிய நிலையங்களுக்கும் பொது கோட்டா. அதுதான் பெரிய பங்கு. வழியில் உள்ள முக்கிய ஊர்களுக்கு ரிமோட் கோட்டா என்று கொஞ்சம். சின்னச் சின்ன நிலையங்கள் பலவற்றுக்கும் சேர்த்து பூல்டு கோட்டா. இந்தக் கடைசி இரண்டிலும் ஒருவர் ரத்து செய்தால்தான் இன்னொருவருக்குக் கிடைக்கும், ரத்து செய்கிறவர்களும் குறைவு. அதனால்தான் பூல்டு வெயிட்டிங் நகரவே நகராது. காட்பாடிக்காரர் சென்னையிலிருந்து எடுப்பது இந்தப் பங்கீட்டைத் தாண்டிப் போவதற்காகத்தான்.

இதில் யாருக்கு நஷ்டம் என்று நிதானமாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து கோவை ஏறக்குறைய 495 கிலோமீட்டர். அதில் 130 கிலோமீட்டர் பெர்த் காலியாக வருகிறது. மீதி தூரத்தில் ஒரு ஆள் படுத்துத்தான் போகிறார். சென்னைக்காரர் ஒருவருக்கு இடம் போனது உண்மை. ஆனால் காட்பாடிக்காரர் ஒருவர் காட்பாடி வரிசையிலிருந்து விலகியதும் உண்மை. அந்த வரிசையில் இருக்கிற, செல்போனில் இதெல்லாம் பார்க்கத் தெரியாத ஒருவர் ஒரு படி முன்னே வருகிறார். சென்னைக்காரருக்குக் காட்பாடியில் நிற்காமல் விழுப்புரம் வழியாகப் போகும் வண்டிகள் முதல் சிறப்பு ரயில்கள் வரை வேறு வழிகளும் உண்டு. ஆகவே இது தப்புதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. போர்டிங்கை முறையாக மாற்றினால் ரயில்வேயிடம் சொல்லிவிட்டுச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மாற்றாமல் விட்டால்தான் சிக்கல். சென்னையில் ஆள் வரவில்லை என்று டிடிஆர் குறித்துவிட்டு, முழு பெர்த் கிடைக்காமல் உட்கார்ந்து வரும் ஆர்ஏசிக்காரருக்குக் கொடுத்துவிடலாம், கொடுத்தால் அது சரியும்கூட. மாற்றிய பிறகு சென்னையில் ஏறும் உரிமை போய்விடும், அந்த 130 கிலோமீட்டர் காசும் திரும்பாது. தெரிந்து செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் பொறுக்கமாட்டேன். கோவை போகிறவர் கோவைக்குக் கிடைக்கவில்லை என்று எர்ணாகுளத்துக்கு எடுத்துவிட்டு, கோவையில் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவார். சார்ட்டில் எர்ணாகுளம் வரை அவர் பெயர். அதே பெட்டியில் சைடு லோயரில் ஆர்ஏசிக்காரர் இரண்டு பேர் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் பெர்த் காலி. டிடிஆருக்கே தெரியாது. இதில் இறங்கியவருக்கு எந்த லாபமும் இல்லை, இன்னொருவருக்கு ராத்திரித் தூக்கம் போகிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினால் டிடிஆர் கையில் உள்ள கருவியிலேயே அந்த இடத்தை அடுத்தவருக்குப் போட்டுவிடலாம்.

நெசவு தம்பி கேட்டதற்கு: 200 கிலோமீட்டர் குறைந்தபட்சம் வைத்ததே படுக்கைப் பெட்டியைக் குறுகிய தூரத்துக்காரர்கள் நிரப்பிவிடக் கூடாது என்றுதான். உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் அதே ரயில்வே டிக்கெட்டின் கீழே என்ன அச்சடித்தது என்று ஞாபகம் இருக்கும், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாக வசூலாகிறது என்று. மீதியை யாரோ கொடுக்கிறார்கள். சரக்கு அனுப்புகிறவர், வரி கட்டுகிறவர், ரயிலே ஏறாதவர். அதனால் பாய் சொன்ன இட்லிக் கணக்கு இங்கே ஒத்துவராது. நாலாவது இட்லிக்கும் நீங்கள் முழுவிலை கொடுக்கவில்லை.

வாணியம்பாடி தோல்ஷாப்

சார், அந்த 57 சதவீதக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அது நியாயமான பேச்சு. ஆனாலும் வீட்டில் வயசான அம்மாவை வைத்துக்கொண்டு அன்ரிசர்வ்டில் ஏறச் சொல்வீர்களா?

ரயிலடி

சொல்லமாட்டேன். போர்டிங் மாற்றி எடுக்கச் சொல்வேன். மேலே எழுதியதும் அதுதான்.

லண்டன் வேலூரான்

சின்னதாக ஒன்று. இங்கே பிரிட்டனில் ஒரே பயணத்தை இரண்டு மூன்று டிக்கெட்டாக வெட்டி வாங்கினால் பல சமயம் விலை குறைகிறது. வெட்டும் நிலையத்தில் அந்த வண்டி நின்றால் போதும், இறங்கி ஏற வேண்டாம். விதியிலேயே அனுமதி உண்டு, யாரும் குற்ற உணர்ச்சியோடு செய்வதில்லை. யார் இடமும் அதனால் பறிபோவதில்லை, விலைப்பட்டியலின் கோணல் மட்டும்தான் வெளியே தெரிகிறது. நம் ஊரிலும் இப்படிச் செய்ய முடியுமா?

ரயிலடி

செய்தால் நஷ்டம் தம்பி. நம் கட்டணம் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு இறங்கிக்கொண்டே போகும். சென்னை முதல் சேலம் வரை 334 கிலோமீட்டர் ஒரே டிக்கெட். அதைக் காட்பாடியில் வெட்டினால் முதல் துண்டு 130, ஆனால் 200க்குக் காசு. இரண்டாவது துண்டு 205 சொச்சம். ஆக 400க்கு மேல் கட்டுவீர்கள். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அந்தக் கூடுதல் கட்டணமும் இரண்டு தடவை.

நம் ஊரில் விதிக்குள்ளேயே கிடைக்கிற லாபம் வேறு பக்கம் இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு மேலான டிக்கெட்டில் முதல் 500ஐத் தாண்டிய பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கலாம். 1,000க்கு மேல் என்றால் இரண்டு இடத்தில். ராஜதானி, சதாப்தி மாதிரி வண்டிகளில் கிடையாது. கிளம்பிய ஊருக்கே திரும்பும் சுற்றுப்பயண டிக்கெட் இருக்கிறது, அதில் எட்டு இடம் வரை இறங்கலாம், நீண்ட தூரக் கட்டணத்தின் இறக்கமும் கிடைக்கும். இதையெல்லாம் ஓட்டை என்று சொல்லாதீர்கள். கொடுக்க வேண்டும் என்றே வைத்தது. கேட்பவர்கள்தான் இல்லை.

சீசன் 7 மணி

நான் காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் போய்வருகிறவள். சீசன்காரர்களைத் திட்டுவதற்கு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் வரவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது. சீசன்காரர்களுக்கென்று அனுமதித்த பெட்டி இருந்தால் அதில் மட்டும்தான். விதி தெளிவு. ஆனால் காலை நேரத்தில் பொதுப்பெட்டி வாசலில் நின்று பாருங்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறவே முடியாது. அதனால் பகலில் ஓடும் ஸ்லீப்பரில் ஓரமாக உட்காருகிறோம். டிடிஆர் சிலர் கண்டுகொள்வதில்லை, சிலர் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிடுகிறவரிடம் நான் வாதாடமாட்டேன், அவர் பக்கம் சரி.

என்னால் ஏற்க முடியாதது வேறு. ஊரிலிருந்து இரண்டு ராத்திரி பயணம் செய்து வரும் நோயாளியை "பகல்தானே, எழுந்து உட்காருங்க" என்று எழுப்பிவிட்டு நாலு சீசன்காரர்கள் சீட்டாடுவது. பகலில் படுக்கையை இருக்கையாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி அந்தப் பெட்டிக்குப் பதிவு செய்தவர்களுக்கு இடையில்தான். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இல்லை. உட்காருவதற்கே உரிமை இல்லாதவர்கள் விதி பேசக் கூடாது. இதை வண்டியிலும் சொல்லியிருக்கிறேன், கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட்

1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. அந்த வாலாஜாவில் இன்றைக்கு எத்தனையோ விரைவு வண்டிகள் நிற்பதில்லை. எங்களுக்குச் சந்து தேடக்கூட வழியில்லை, அரக்கோணம் அல்லது காட்பாடி போய்த்தான் ஏற வேண்டும். காட்பாடிக்காரர்களின் உறுத்தலைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

காந்தி ரோடு லாட்ஜ்

எல்லாரும் கோவை, சேலம், சென்னை என்று பேசுகிறீர்கள். வேலூரில் ரயில் டிக்கெட் என்றால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணெதிரே நடக்கிறது. நான் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை செய்கிறேன். எங்களிடம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், ஜார்கண்ட், பீகார், அசாம். அதற்கும் அப்பாலிருந்தும் வருகிறார்கள். 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து காட்பாடியில் இறங்குகிறார்கள். வரும் தேதி அவர்களுக்குத் தெரியும். திரும்பும் தேதி டாக்டருக்கே தெரியாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பயாப்சி, அது வந்த பிறகு இன்னொரு டிபார்ட்மென்ட், அங்கே அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட்.

அதனால் என்ன செய்கிறார்கள்? திரும்புவதற்கு மூன்று தேதிகளில் டிக்கெட் போட்டு வைக்கிறார்கள். எது தோதோ அதில் போய்விட்டு மீதியை ரத்து செய்வார்கள். வங்கத்துக்குப் போகும் வண்டிகளில் காட்பாடிக்கு இருக்கும் இடமே கொஞ்சம். அதில் ஒரு குடும்பம் மூன்று தேதி பிடித்தால், நேற்று டிஸ்சார்ஜ் ஆகி நாளைக்கே போக வேண்டியவனுக்கு எங்கே கிடைக்கும்? அவனும் நோயாளி. இவனும் நோயாளி. விதிப்படி மூன்று தேதிக்கும் டிக்கெட் எடுக்கத் தடையில்லை, ரத்துப் பிடித்தம் கட்டினால் சரி. ஆனால் இது காட்பாடி வாசி சொன்னதைவிடப் பல மடங்கு பெரிய பிடித்துவைத்தல். நான் அந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். மூளைக் கட்டியோடு ஒரு பையனைக் கூட்டி வந்திருக்கிற அப்பனிடம் போய் "நீ அடுத்தவன் இடத்தைப் பிடிக்கிறாய்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று செய்கிறேன். ரிப்போர்ட் வந்து தேதி உறுதியான அன்றைக்கே மீதி டிக்கெட்டுகளை ரத்து செய்யச் சொல்லி உட்காரவைத்து நானே போனில் செய்துகொடுக்கிறேன். கடைசி நாள் வரை வைத்திருந்தால் பிடித்தமும் அதிகம், அடுத்தவனுக்கும் உபயோகமில்லை. முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1ஆம் தேதி குறைத்தது இந்த விஷயத்தில் நல்லது என்றே நினைக்கிறேன். நாலு மாதம் முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு போட்டு வைப்பது குறைந்திருக்கிறது.

இதில் கொழுத்தவர்கள் வேறு ஆட்கள். தனிப்பட்ட ஐடியை வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஏஜென்டுகள். மொழி தெரியாத, பதறிப்போன மனிதர்களிடம். நெசவு அண்ணன் சொன்ன "சந்து கிடைத்தால் நுழைவேன்" என்பதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள், வார்த்தை மாறாமல். ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவில் இதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. அது கவுன்ட்டர் டிக்கெட்டுக்கு மட்டுமா என்ற கேள்விக்கும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது, ஆன்லைன் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும், முதல் அரைமணி ஏஜென்டுகளுக்குக் கதவு மூடல். அதுவரை காலையில் எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொன்றையும் தயவு செய்து தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறவருக்கு ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் கட்டணமே கிடையாது. கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவை சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் போகிறவர்களுக்கும் 75 சதவீதம் உண்டு. முதியோர் சலுகையை நிறுத்தியபோது இவற்றை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டான், அவனுக்கு இதில் ஒன்றும் வராது. முழுக் கட்டணமும் கமிஷனும் கொடுத்து ஊர் திரும்பிய புற்றுநோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் நெசவு

லாட்ஜ் தம்பி, ஏஜென்டோடு என்னைச் சேர்க்காதே. நான் எனக்காகப் போகிறேன். அவன் அடுத்தவன் அவசரத்தை விற்கிறான். ஆனால் புற்றுநோய்ச் சலுகை விஷயம் எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். அந்தப் படிவம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்குமா?

காந்தி ரோடு லாட்ஜ்

சேர்க்கவில்லை அண்ணே, வார்த்தை ஒன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். மனசு நோகவைத்திருந்தால் மன்னிக்கணும். புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியிலேயே கேட்கச் சொல்லுங்கள், ரயில்வே கன்செஷன் படிவம் என்றால் புரியும். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கும் போகிற பயணத்துக்குத்தான்.

லண்டன் வேலூரான்

மூன்று தேதி டிக்கெட் விஷயம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. விலையில் ஆதாயம் தேடுவது ஒரு வகை, இடத்தைப் பிடிப்பது வேறு வகை. நான் கேட்ட பிரிட்டன் கதை முதல் வகை. இங்கே பேசுவது எல்லாமே இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் குழப்பிக்கொண்டேன்.

சீசன் 7 மணி

கவுன்ட்டர் வெயிட்டிங் டிக்கெட்டை விட்டுவிட்டீர்கள். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டரில் எடுத்தது ரத்தாகாது, அதனால் வேண்டுமென்றே கவுன்ட்டரில் எடுத்து, அதைக் காட்டிக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறுகிறார்கள். நடைபாதையில் துணி விரித்துப் படுத்துவிடுவார்கள். கழிப்பறைக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களும் காசு கட்டியவர்கள்தான். ரயிலடி சார், இதற்கு என்ன சொல்வீர்கள்?

ரயிலடி

வெயிட்டிங் டிக்கெட்டுக்கு ரிசர்வேஷன் பெட்டியில் இடமில்லை, பொதுப்பெட்டியில்தான் போகலாம். அதிகாரமில்லாமல் ஏறியவரிடம் கட்டண வித்தியாசமும் அபராதமும் வாங்க 138ஆம் பிரிவு இருக்கிறது. குறைந்தது 250 ரூபாய். ஆனால் நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அபராதப் புத்தகம் ஞாபகம் வருவதில்லை. பொதுப்பெட்டிகளைக் கூட்டாமல் இவர்களை மட்டும் பிடித்து என்ன பயன் என்றுதான் தோன்றும். இந்த ஒன்றில் நெசவு தம்பியோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். பயணி செய்கிற தப்பு பாதி, இடமே வைக்காதது மீதி.

ஆனால் அதற்காக எல்லாவற்றுக்கும் ரயில்வே மேலேயே பழி போட்டுவிட முடியாது. இடம் குறைவாக இருக்கிற வரைக்கும், நாம் எடுக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார். ரயில்வே கண்டிப்பாக இருந்தாலும் இருக்கிறார், தாராளமாக இருந்தாலும் இருக்கிறார்.

காட்பாடி வாசி

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு மச்சானிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். லாட்ஜ் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவர் ஆபீஸில் பண்டிகைக்கு எல்லாருமே இரண்டு தேதி போட்டு வைக்கிற பழக்கம் உண்டாம், அதை முதலில் நிறுத்தச் சொல்கிறேன் என்று.

நான் முடிவு செய்தது: அம்மாவுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து போக முடியாது. அதனால் அம்மாவுக்கும் அவருக்குத் துணையாக எனக்கும் சென்னையிலிருந்து எடுத்து இன்றே போர்டிங் மாற்றிவிட்டேன். மனைவியும் பிள்ளைகளும் பகல் வண்டியில் இருக்கைப் பெட்டியில் வருகிறார்கள், அதில் காட்பாடியிலிருந்தே இடம் இருந்தது. நாலு பெர்த் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நின்றது. மச்சானுக்கு இது பாதிக் கிணறு தாண்டியது போலத் தெரிகிறது. எனக்கு இதற்கு மேல் முடியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். திரும்பும்போது அம்மா திருப்பத்தூரில் சித்தி வீட்டில் இறங்க ஆசைப்படுகிறார்கள். டிக்கெட் காட்பாடி வரை. இறங்கலாமா?

ரயிலடி

இறங்கலாம், தடையில்லை. 500 கிலோமீட்டருக்குக் குறைந்த டிக்கெட் என்பதால் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது, அவ்வளவுதான். உங்கள் வண்டி திருப்பத்தூரில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சேலம் தாண்டியதும் டிடிஆரைப் பார்த்து இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். பெர்த் நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்குத் தேட வேண்டியிருக்காது.